நல்லுசாமி நிரப்பிய கிண்ணம்

நல்லுசாமி குடியிருந்த லயத்தில் எந்தக் கதவும் சத்தம் போடாது. பதினாறு வீடு, முப்பத்திரண்டு கதவு. ஒவ்வொன்றின் கீலுக்கும் மாதம் ஒருமுறை அவர் எண்ணெய் விட்டுவிடுவார். யாரும் கேட்டதில்லை, யாரும் தடுத்ததும் இல்லை. சம்பள நாளில் தாமதமாக வரும் புருஷன்மார் பூனை மாதிரி உள்ளே நுழைந்து படுத்துக்கொள்வதற்கு இந்த மனிதர்தான் காரணம் என்று பெண்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கதவுக்குப் போய்விடுவார். எண்ணெய் வற்றிய இடம் கண்ணில் பட்டால் அவருக்குப் பொறுக்காது. அது வேலையால் வந்த குணமா, குணத்தால் வந்த வேலையா என்பது அவருக்கே தெரியாது.

தானா ராத்தா டவுனிலிருந்து ஏழு மைல் கட்டை உள்ளே தள்ளி இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டம். ஜப்பான்காரன் காலத்தில், மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைக் கையில் பிடித்திருந்த நாளில், அங்கேயே பிறந்தவர் நல்லுசாமி. பதினாலு வயதில் பேக்டரியில் தூசி கூட்டச் சேர்ந்தார். இருபத்திரண்டு வயதில் அவர் கையில் நீள மூக்கு வைத்த எண்ணெய்க் கேனைக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் அவரை அந்தக் கேன் இல்லாமல் பார்த்தவர்கள் குறைவு.

கொழுந்தை முறுக்கும் ரோலர், காய வைக்கும் டிரையர், சலிக்கும் மெஷின் என்று எல்லாவற்றிலும் சுழலும் இடங்களில் சின்னச் சின்னப் பித்தளைக் கிண்ணங்கள் உண்டு. மொத்தம் அறுபத்து நாலு. காலையில் மெஷின் ஓடுமுன் அவை அத்தனையும் நிறைந்திருக்க வேண்டும். கிண்ணம் வற்றினால் மெஷின் கத்தும், மெஷின் கத்தினால் தோட்டத்து மேனேஜர் துரை கத்துவார். நல்லுசாமி பதினெட்டு வருடம் இரண்டையும் கத்த விடாமல் பார்த்துக்கொண்டார். எந்தக் கிண்ணம் எத்தனை மணிக்கு வற்றும் என்பது அவருக்குப் பார்க்காமலே தெரியும். மற்றபடி எழுதப் படிக்கக் கொஞ்சம் தமிழ், கணக்குப் பார்க்கக் கொஞ்சம் மலாய், அவ்வளவுதான்.

அவருக்கு வருடத்தில் ஒரே ஒரு பெரிய நாள், ஆயுத பூஜை. தீபாவளிக்குக்கூடப் புதுச்சட்டை போட மறந்துபோகிற ஆள், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் குளித்து, விபூதி பூசி, நாளெல்லாம் பட்டினியாக இருந்து மெஷின்களைத் துடைப்பார். கடைசியில் அறுபத்து நாலு கிண்ணத்தையும் தளும்பத் தளும்ப நிரப்புவார். அம்மன் படத்துக்கு முன்னால் வெறுங்கிண்ணம் நிற்கக்கூடாது என்பது அந்தப் பேக்டரியின் வழக்கம். யார் ஆரம்பித்ததோ தெரியாது. நல்லுசாமி அதைச் சட்டமாக்கிவிட்டார். வாசலில் லாரி, துரையின் ஜீப், ஆபீஸ் கிராணிமாரின் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். கேனைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையையும் ஒரு சுற்று சுற்றி வருவார்.

வரிசையின் கடைசியில் நிற்பது டிரெசர் தங்கையாவின் மோட்டார்.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் மாதம் இரண்டு முறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் டாக்டரும் தங்கையாதான், நர்சும் தங்கையாதான், புருஷன் பெண்டாட்டி சண்டையில் மண்டை உடைந்து வந்தால் தையலோடு தீர்ப்பும் அவரே சொல்லிவிடுவார். எழுபத்து நாலாம் வருடம் நல்லுசாமியின் மனைவி பாஞ்சாலைக்கு இரண்டு நாளாகப் பிரசவ வலி. மண் சரிந்து டவுனுக்குப் போகும் ரோடு அடைத்துக் கிடந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று பார்த்த உடனே தங்கையாவுக்குத் தெரிந்துவிட்டது. வயிற்றுக்கு மேலிருந்து கையாலேயே தடவித் தடவி, இம்மி இம்மியாக, அரை நாள் உட்கார்ந்து பிள்ளையைத் திருப்பினார். ருக்குமணி பிறந்தாள். பாஞ்சாலையும் பிழைத்தாள்.

அன்றிலிருந்து நல்லுசாமிக்குத் தெய்வத்துக்கு அடுத்தது தங்கையாவின் கை. டிரெசர் மருந்து எழுதும்போதுகூட நல்லுசாமி அவர் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். நன்றி சொல்லவும் அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக் கதவுக்கும் சன்னலுக்கும் எண்ணெய் விட்டுக்கொண்டே எட்டு வருடத்தை ஓட்டினார்.

தங்கையாவின் மோட்டார் ஒரு பழைய ஜப்பான் வண்டி. எழுபத்தொன்பதில் ஊருக்குத் திரும்பிப் போன ஒரு சின்னத்துரையிடம் வாங்கியது. அதன் முன்சக்கரத்தில் ஒரு இரும்புத் தட்டு இருக்கும். அதனால் ‘தட்டு பிரேக் மோட்டார்’ என்றே தோட்டத்தில் அதற்குப் பெயர். மற்ற மோட்டார்களில் பிரேக்குக்குக் கம்பி ஓடும். இதில் கம்பியே கிடையாது. கைப்பிடியின் வலது பக்கம், மூடி போட்ட ஒரு சின்ன வெள்ளைக் கிண்ணம். அதன் அடியில் மாஸ்டர் சிலிண்டர் என்கிற விரலளவுக் குழல். பிரேக் பிடியை அமுக்கினால் குழலுக்குள் ரப்பர் மாட்டிய பிஸ்டன் நகர்ந்து, கிண்ணத்திலிருந்து இறங்கிய பிரேக் எண்ணெயை டியூப் வழியாகத் தள்ளும். அந்த அழுத்தத்தில் கீழே இரண்டு கட்டைகள் தட்டைக் கவ்விப் பிடிக்கும். பிடியை விட்டால் எண்ணெய் திரும்பி வரும், கட்டைகள் தட்டை விடும்.

இந்த விவரமெல்லாம் நல்லுசாமிக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. எண்பத்திரண்டாம் வருடத்து ஆயுத பூஜையன்று அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு கிண்ணம், அது பாதிக்குமேல் காலி.

அவருக்கு மனசு பதறிவிட்டது. ஊரார் கிண்ணமெல்லாம் தளும்பிக்கொண்டிருக்க, டிரெசர் ஐயாவின் கிண்ணமா அம்மன் முன்னால் காலியாக நிற்பது? மூடியைத் திருகி எடுத்தார். பெரிய ரோலருக்கென்று தனியாக வைத்திருந்த நல்ல எண்ணெயை, நூல் மாதிரி, ஒரு சொட்டு சிந்தாமல் விளிம்பு வரை ஊற்றினார். மூடி மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அன்று சாயந்தரம் பூஜை முடிந்து சுண்டல் தின்றபோது அவருக்கு வயிறும் நிறைந்திருந்தது, மனசும் நிறைந்திருந்தது. செய்ததை யாரிடமும் சொல்லவில்லை. சாமிக்குச் செய்ததைச் சொல்லிக் காட்டுவார்களா?

மூன்று வாரம் கழித்து, நவம்பர் மழையில், தங்கையா விழுந்தார்.

கீழ் டிவிஷனில் ஒரு காய்ச்சல் கேஸ் பார்க்க இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தார். வேகமாகப் போகிற ஆள் இல்லை அவர். பாலத்துக்கு முந்தின வளைவில் பிரேக்கை லேசாக அமுக்கியிருக்கிறார். முன்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. மோட்டார் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். வலது காலில் முட்டிக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போயிற்று. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, ஒன்றரை மாதம் காலை ஊன்றக்கூடாது என்று அனுப்பினார்கள்.

ரோட்டுப் பாசி என்றார்கள் சிலர். மழை என்றார்கள் சிலர். ஆபீசில், டிரெசருக்கும் ஐம்பத்திரண்டு ஆகிறதே என்று பேசிக்கொண்டார்கள். தங்கையா மட்டும் வேறு காரணம் சொன்னார். பிடியை அமுக்கிய கை திரும்ப விரியவில்லை என்றார். தான் விட்டுவிட்டதாகத்தான் நினைத்தாராம். ஆனால் சக்கரம் நின்றுபோனதால், கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று அப்புறம் புரிந்ததாம். அவருடைய அப்பாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் கை நடுக்கம் வந்து, கடைசியில் தேத்தண்ணீர்க் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாமல் போனது. தனக்கும் அது ஆரம்பித்துவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

மோட்டாரை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் போட்டிருந்தார்கள். அதை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி தங்கையா சாவியைத் தூக்கி நல்லுசாமியிடம் தந்தார். நல்லுசாமி சாவியை வாங்கிக்கொண்டார், சொன்னதைச் செய்யவில்லை. சரி பண்ணி நிறுத்தினால் ஐயாவுக்கும் மனசு மாறும் என்று நினைத்தார். எட்டு வருடத்து நன்றிக்கு இப்போதாவது ஒரு வழி கிடைத்ததே என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட. அதை நினைத்து அவர் பிற்பாடு எத்தனையோ தடவை வெட்கப்பட்டார்.

வளைந்த கைப்பிடியை நிமிர்த்தினார், உடைந்த விளக்கைக் கழற்றினார். முன்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் சுற்றவில்லை. யாரோ பிடித்து வைத்திருப்பது போல இறுகிக் கிடந்தது. பேக்டரியில் பிட்டராக இருந்த சீனர், மேலே மாஸ்டர் சிலிண்டரில்தான் கோளாறு, ரப்பரெல்லாம் மாற்று, கூடவே டியூபையும் கீழே இருக்கும் ரப்பரையும் மாற்று என்றார். நல்லுசாமி டவுனுக்கு பஸ் ஏறி பஷீரின் கடைக்குப் போனார். பலசரக்கும் மோட்டார் சாமானும் ஒன்றாக விற்கும் கடை அது. மிளகாய்த்தூள் வாசனையும் டயர் வாசனையும் சேர்ந்தே அடிக்கும். ஈப்போவில் இருக்கும் மைத்துனனிடம் சொல்லி வரவழைத்துத் தருகிறேன் என்றார் பஷீர்.

சாமான் வருவதற்குள் நல்லுசாமி குழலைப் பிரிக்க உட்கார்ந்தார். கிண்ணத்தைத் திறந்தபோது மேலே அவர் ஊற்றிய எண்ணெய் பழுப்பாகத் தனியாக மிதந்தது, அடியில் வெளிறிய வேறொன்று கிடந்தது. ‘நல்லவேளை, எண்ணெயாவது குறையவில்லை’ என்று நினைத்துக்கொண்டார். பாவம். குழலின் வாயில் ஒரு கம்பி வளையம் ஆழத்தில் உட்கார்ந்து பிஸ்டனைத் தடுத்துக்கொண்டிருந்தது. அதை எட்டிப் பிடிக்கப் பழைய குறடு ஒன்றின் மூக்கை இரண்டு நாள் அரத்தால் ராவி ஊசியாக்கினார். வளையம் வந்தது. ஆனால் பிஸ்டன் வரவில்லை. ஸ்பிரிங் உள்ளிருந்து தள்ளியும் அது நகரவில்லை. மரக்கட்டையில் தட்டித் தட்டி ஒருவழியாக வெளியே எடுத்து, அதிலிருந்த ரப்பர் கப்பைக் கழற்றித் துணியில் வைத்தார்.

டிசம்பர் நடுவில் பஷீர் ஆளனுப்பினார். சின்ன அட்டைப்பெட்டி. உள்ளே புது ரப்பர்கள், ஒரு பிஸ்டன், நாலாக மடித்த ஒரு தாள். கூடவே பிரேக் எண்ணெய் டப்பா ஒன்று. நல்லுசாமி புது ரப்பர் கப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். துணியிலிருந்த பழைய கப்பை அதன் பக்கத்தில் வைத்தார். பழையது ஊறப்போட்ட கடலை மாதிரி உப்பிப் பெரிதாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. இரண்டும் ஒரே அளவு சாமான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தாளை விரித்தார். எழுத்தெல்லாம் இங்கிலீஷ், ஜப்பான். ஆனால் ஒரு மூலையில் படம் போட்டிருந்தான். நீள மூக்கு வைத்த எண்ணெய்க் கேன், அச்சு அசல் அவருடைய கேன். அதன் மேல் தடித்த பெருக்கல் குறி.

நல்லுசாமி வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை எடுத்துக்கொண்டு பிட்டரிடம் போய், மற்றவருக்காகக் கேட்பது போலக் கேட்டார். பிட்டர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். இந்த ரப்பருக்கு மெஷின் எண்ணெய் ஆகாது, பட்டால் ஊதும். ஊதினால் குழலில் எண்ணெய் திரும்புகிற ஊசித் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். அப்புறம் கையை எடுத்தாலும் பிரேக் விடாது.

அன்று மத்தியானம் எந்தக் கிண்ணத்துக்கும் எண்ணெய் விடாமல் நல்லுசாமி பேக்டரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகப் பெரிய ரோலர் கத்தியது.

வீட்டுக்குப் போய் பாஞ்சாலையிடம் சொன்னார். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் முழுசும் கேட்டாள். அவளுக்கும் டிரெசர் என்றால் உயிர்தான். ஆனால் அவள் யோசனை வேறு மாதிரி ஓடியது.

“நீங்க போயி சொன்னா அவரு காலு சேந்துடுமா? வேலைய விட்டுத் தூக்குனா லயத்த விட்டும் போவச் சொல்வாங்க. ருக்குமணிய எங்க வச்சுக்குவீங்க? சரிபண்ணிக் குடுங்க, போதும்.”

அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. நல்லுசாமிக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. சரிபண்ணிக் கொடுத்துவிட்டால் போதும் என்று நாலு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

குழலைக் கழுவ மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் ஆகாது, ஸ்பிரிட்டால் கழுவு என்று பிட்டர் சொல்லியிருந்தார். ஸ்பிரிட் இருப்பது ஆஸ்பத்திரியில். மறுநாள் ஒரு சீசாவை எடுத்துக்கொண்டு தங்கையாவின் வீட்டுக்குப் போனார். தங்கையா கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி, மேசையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்து, தையல் ஊசியால் அதன் தோலைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி நடுங்கியது. தையல் கோணலாகப் போயிருந்தது. நல்லுசாமியைப் பார்த்ததும் பழத்தை மறைக்கப் பார்த்து, பிறகு விட்டுவிட்டார்.

“பாத்தியா? அன்னிக்கு விழுந்ததுலேருந்து இப்படித்தான். ஊசிய எடுத்தாலே, கேக்குமா கேக்காதான்னு பயம் வந்துடுது. வயித்துப் புள்ளையத் தொடற கைலா இது. இத வச்சுக்கிட்டு வேல பாக்கக் கூடாது.”

மேசை மேல் ஒரு கவர் ஒட்டித் தயாராக இருந்தது. வருடக் கடைசியோடு வேலையை விடுவதாகத் துரைக்கு எழுதிய கடிதம் என்றும், திங்கட்கிழமை கொடுத்து அனுப்பப் போவதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு, எதற்காக வந்தாய் என்று கேட்டார்.

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நல்லுசாமியின் வாய் திறந்தது. “கொஞ்சம் ஸ்பிரிட்டு வேணுங்க ஐயா” என்றது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை முழுக்க அவர் அந்தக் குழலோடு இருந்தார். ஸ்பிரிட்டில் துணி நனைத்துக் குழலின் உள்சுவரைக் கண்ணாடியாகத் துடைத்தார். திரும்பும் துவாரம் மயிர் நுழையும் அளவுதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி அடைத்தால் குத்தும் மெல்லிய கம்பியை வாங்கி வந்திருந்தார், அதை விட்டு அடைப்பை எடுத்தார். ஒளியில் பிடித்துப் பார்த்தபோது துவாரத்தில் வெளிச்சம் தெரிந்தது. புது ரப்பரைப் பிரேக் எண்ணெயிலேயே நனைத்து, உதடு மடங்காமல் உள்ளே தள்ளினார். பிஸ்டன், வளையம், தூசிக்கு மறைப்பு, புது டியூப், கீழே புது ரப்பர். தன் எண்ணெய்க் கேனை அந்தக் கொட்டகைப் பக்கமே கொண்டுவரவில்லை. கைகளைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டுத்தான் ஒவ்வொன்றையும் தொட்டார். வேலை சுத்தமாக நடந்தது. மனசு மட்டும் சுத்தமாகவில்லை. அந்த ஆரஞ்சுப் பழம் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

கடைசி வேலை காற்று எடுப்பது. புதிதாக மாட்டிய குழலிலும் டியூபிலும் காற்று இருக்கும். காற்று இருந்தால் பிடி சோளப்பொரி மாதிரி அமுங்கிப் போகும், பிரேக் பிடிக்காது. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். மேலே ஒருவர் பிடியை அமுக்கிப் பிடித்திருக்க, கீழே ஒருவர் சக்கரத்துப் பக்கம் இருக்கும் மூக்குத் திருகைத் திறந்து காற்றோடு எண்ணெயை வெளியே விட வேண்டும். திருகை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் கையை விடலாம். முந்திவிட்டால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், அத்தனையும் வீண்.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்லுசாமி மோட்டாரைத் தள்ளிக்கொண்டு நேரே தங்கையாவின் வாசலுக்குப் போனார். யாரையாவது கூப்பிட்டிருக்கலாம்.

கூட ஒரு கை வேண்டும் என்றார். இந்தக் கையா என்று தங்கையா கசப்பாகச் சிரித்தார். சிரித்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது கையைப் பிடியில் வைத்தார். நல்லுசாமி சக்கரத்தருகே குந்தினார். மூக்குத் திருகில் ரப்பர் குழாய் மாட்டி, மறுமுனையைப் பழைய குளுக்கோஸ் சீசாவில் விட்டார். அமுக்குங்க, பிடிச்சிருங்க, விடுங்க. அமுக்குங்க, பிடிச்சிருங்க, விடுங்க. சீசாவில் குமிழி குமிழியாக வந்தது. பத்து தடவை, இருபது தடவை. ஒரு தடவைகூடத் தங்கையாவின் கை முந்தவில்லை, பிந்தவில்லை. அண்ணாந்து பார்த்தால் விரல்கள் இரும்பு மாதிரி நின்றன. மனிதருக்கு அது தெரியவே இல்லை. அவர் சீசாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தைந்தோ இருபத்தாறோ. திருகு திறந்திருந்தது.

“ஐயா, விட்டுடாதீங்க. நான் சொல்ற வரைக்கும் புடிச்சுக்கிட்டே இருங்க.”

“புடிச்சிருக்கேன்லா.”

“பூசைக்கு இந்தக் கிண்ணத்துல எண்ணெய் ஊத்துனது நான்தாங்க. ரோலருக்கு ஊத்துற எண்ணெய். காலியா இருக்கேன்னு ஊத்திப்புட்டேன். அதுல ரப்பர் ஊதிப்போயி அடைச்சுக்கிச்சு. அன்னிக்கு உங்க கை விட்டுருச்சுங்க ஐயா. பிரேக்குதான் விடல.”

நல்லுசாமி தலையைத் தூக்கவில்லை. மேலிருந்து ஒரு அறை விழும், அல்லது பிடி விடுபடும், காற்று உள்ளே போகும் என்று காத்திருந்தார். குமிழி வரவில்லை. பிடி அப்படியே அமுங்கி நின்றது.

“இப்ப விடலாமா?” என்று தங்கையா கேட்டார்.

நல்லுசாமி அவசரமாகத் திருகை மூடினார். “விடுங்க.”

தங்கையா கையை எடுத்தார். எடுத்து, முகத்துக்கு நேரே வைத்து, விரல்களை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார்.

“அப்ப என் கை இல்லியா?”

“இல்லீங்க.”

ஐம்பத்திரண்டு வயது மனிதர், தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவர், அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நல்லுசாமியும் அழுதார். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கையா மூக்கைச் சிந்திவிட்டு, இன்னும் காற்று இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார் நல்லுசாமி. பாக்கி இருந்த காற்றையும் எடுத்து முடித்தார்கள். பிடி கெட்டியாக நின்றது. சக்கரம் கையால் தட்டியதும் சுற்றியது, அமுக்கியதும் நின்றது, விட்டதும் சுற்றியது. தங்கையா அதைச் சலிக்காமல் பத்துப் பதினைந்து தடவை செய்து பார்த்தார். திங்கட்கிழமை அந்தக் கவர் ஆபீசுக்குப் போகவில்லை.

கோபம் மூன்றாம் நாள்தான் வந்தது. வந்தது முழுசாகவே வந்தது. ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினார். நல்லுசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“எண்ணெய் ஊத்துனியே, அது தெரியாமச் செஞ்சது. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஸ்பிரிட்டு வாங்க வந்தியே, அன்னிக்கு உனக்குத் தெரியும்தானே? நான் பழத்தத் தைச்சுக்கிட்டு ஒக்காந்திருந்ததப் பாத்துட்டுத்தானே போன?”

பாஞ்சாலை சொன்னதைச் சொல்லித் தப்பிக்க நல்லுசாமிக்கு மனம் வரவில்லை. தலை குனிந்தபடி நின்றார். தங்கையா போகச் சொன்னார். துரையிடம் பிரேக் கோளாறு என்று மட்டும் சொன்னார், பெயர் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் மாதக்கணக்கில் நல்லுசாமியோடு பேசவில்லை. ருக்குமணிக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு போனால் மருந்து கொடுப்பார், பிள்ளையிடம் பேசுவார், அப்பனைப் பார்க்க மாட்டார். கால் சேர்ந்தது, கொஞ்சம் இழுத்து நடந்தார். அந்த இழுப்பின் சத்தம் பேக்டரி வாசலில் கேட்டாலே நல்லுசாமி மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். ஆஸ்பத்திரிக் கதவுகள் அந்த வருடம் கிறீச்சிட ஆரம்பித்தன. போய் எண்ணெய் விட அவருக்குத் தைரியம் வரவில்லை.

தங்கையா தைத்தார், ஊசி போட்டார், பிள்ளைப்பேறு பார்த்தார். எண்பத்தொன்பதில் பென்ஷன் வாங்கும் வரை அந்தக் கை ஒரு தடவைகூட நடுங்கியதாக யாரும் சொன்னதில்லை.

எண்பத்து மூன்றாம் வருடம் ஆயுத பூஜை வந்தது. நல்லுசாமி வழக்கம்போலப் பட்டினி இருந்து, மெஷின்களைத் துடைத்து, அறுபத்து நாலு கிண்ணத்தையும் நிரப்பினார். வாசலுக்கு வந்து லாரி, ஜீப், கிராணிமார் மோட்டார்கள் என்று வரிசையாகப் பார்த்து வந்தவர் கடைசிக்கு முன்னால் நின்றுவிட்டார். தட்டு பிரேக் மோட்டார் எப்போதும் போலக் கடைசியில் நின்றது. அதன் மேல் சாய்ந்துகொண்டு தங்கையா நின்றார். நல்லுசாமி கேனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடப் பார்த்தார்.

“எங்க போற? இதப் பாக்கலியா?”

பத்து மாதத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது. நல்லுசாமி கேனைத் தரையில் தள்ளி வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கிண்ணத்தின் மூடியைத் திருகி எடுத்தார். உள்ளே எண்ணெய் தெளிவாக இருந்தது. கிண்ணத்தின் பக்கத்தில், இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று போட்டிருந்த கோட்டுக்குச் சற்றே மேலே நின்றது. அதற்கு மேல் காலி.

தங்கையா சட்டைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து நீட்டினார். பிரேக் எண்ணெய்தான், சீல் உடைக்காத புது டப்பா.

“அம்மன் முன்னால வெறுங்கிண்ணம் நிக்கக்கூடாதே. ஊத்தணுமா?”

நல்லுசாமி டப்பாவைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், தங்கையாவின் கையைப் பார்த்தார்.

“வேணாங்க ஐயா. இருக்க வேண்டிய அளவு இருக்கு.”

தங்கையா டப்பாவைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். நல்லுசாமி மூடியைத் திருகி இறுக்கினார். சந்தனத்தைக் குழைத்து மூடியின் மேல் வைத்து, அதில் குங்குமம் இட்டார். மிச்சமிருந்ததைத் தங்கையா நீட்டிய வலது கையின் மணிக்கட்டிலும் வைத்தார்.